சிறுநீர்க் கசிவு: எந்த வகை என்று தெரிந்த பிறகே மருந்து

தும்மும்போதும், கழிவறைக் கதவைத் திறப்பதற்குள்ளும், தூக்கத்திலும் தம்மை அறியாமல் சிறுநீர் கசிவதைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை, ஊர் மட்டுமே இருந்தது. சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) பதில் அளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை. இரண்டு குழந்தைகளும் சுகப்பிரசவம். சில ஆண்டுகளாக இருமினாலும் தும்மினாலும், வகுப்பில் உரக்கப் பேசினாலும்கூட, சிறிது சிறுநீர் கசிந்துவிடுகிறது. நாப்கின் வைக்காமல் வெளியே கிளம்புவதே இல்லை. "பிள்ளை பெற்ற உடம்புக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்கிறார் அம்மா. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்கிறார் உடன் வேலை பார்க்கும் ஒருவர். எடுத்துவிடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இந்தக் கசிவுக்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை, எடுத்தாலும் கசிவு நிற்காது. கசிவுக்குக் காரணம் கர்ப்பப்பை அன்று. அதையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கி நிற்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்திருப்பதுதான் காரணம். இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று கூடுகிறது. அந்த நொடியில் இந்தத் தசைகள் சுருங்கிச் சிறுநீர்க் குழாயை இறுக்கி மூட வேண்டும். பிரசவத்தின்போது இழுபட்ட தசைகளுக்கும் நரம்புகளுக்கும் அந்த வலு குறைந்திருந்தால், அழுத்தம் குழாயின் பிடியை மிஞ்சிச் சில சொட்டுகள் வெளியேறுகின்றன. உடல் எடை, நாள்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குவது, குடம் குடமாகத் தண்ணீர் தூக்குவது ஆகிய எல்லாமே அந்தத் தசைகளின் மேல் சுமையைக் கூட்டுபவை. ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இருமலுக்கு மருந்து குடித்துக்கொண்டே கசிவையும் சகித்துக்கொண்டிருப்பவர்கள், மாத்திரையை மாற்ற முடியுமா என்று தங்கள் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

உங்கள் அம்மா சொல்வதில் பாதி உண்மை உண்டு. பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு இது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பலருக்கு இருக்கிறது என்பதாலேயே ஒன்று சிகிச்சை தேவைப்படாததாகிவிடாது.

முதல் சிகிச்சை மாத்திரையும் அன்று, அறுவையும் அன்று. இடுப்புத் தளத் தசைப் பயிற்சிதான். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டதால், இன்றும் அவர் பெயரால் கெகல் பயிற்சி என்றே அழைக்கப்படுகிறது. காற்றுப் பிரிவதை அடக்க முயல்வதுபோல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையையும், சிறுநீரை நிறுத்த முயல்வதுபோல முன்புறத் தசையையும் சேர்த்து உள்நோக்கி மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் ஐந்து நொடி பிடித்தால் போதும். வாரக்கணக்கில் மெல்லக் கூட்டிப் பத்து நொடி வரை போகலாம். பிடித்த நேரத்துக்குக் குறையாமல் தசையைத் தளர்த்தி ஓய்வு கொடுத்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வயிறு, தொடை, பிட்டம் ஆகியவற்றை இறுக்கக் கூடாது. சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஒருமுறை செய்யலாம். அதையே பயிற்சியாக்கிக்கொண்டால் சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாத பழக்கம் ஏற்பட்டுவிடும்.

படித்துவிட்டுச் செய்பவர்களில் பலர் தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது நன்மை செய்யாததோடு கசிவை அதிகப்படுத்தவும் கூடும். ஆகவே மகளிர் மருத்துவரிடமோ, இந்தப் பயிற்சியில் தேர்ந்த இயன்முறை மருத்துவரிடமோ சென்று, சரியான தசைதான் சுருங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். "பயிற்சி செய்து பார்த்தேன், பலனில்லை" என்று வருபவர்களில் பலருக்கு உண்மையில் கிடைக்காமல் போனது இந்த ஒரு சோதனைதான் என்பது என் கருத்து. தசை பிடிபட்ட பிறகு, தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன்பாகவே அதை இறுக்கிப் பிடிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தால், வகுப்பறையில் ஏற்படும் சங்கடம் கணிசமாகக் குறையும்.

எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது வெறும் பொது அறிவுரை அன்று, நேரடியான சிகிச்சை. உடல் பருமனும் கசிவும் சேர்ந்திருந்த பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், எடையில் சராசரியாக 8 விழுக்காடு குறைத்தவர்களுக்குக் கசியும் தடவைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. 75 கிலோ உள்ள ஒருவருக்கு அது 6 கிலோதான்.

இவை அனைத்தையும் ஒழுங்காகச் செய்தும் போதாது என்றால்தான் அறுவை சிகிச்சை. சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் ஒரு மெல்லிய செயற்கை நாடாவைத் தாங்கலாக வைக்கும் முறையைச் சுவீடனைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டன் குழுவினர் 1996-இல் வெளியிட்டனர். சிறிய அறுவை, பெரும்பாலோருக்குப் பலன் தருகிறது. ஆனால் செயற்கை வலை பற்றி உலகெங்கும் எழுந்த புகார்களையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019-இல் விற்பனையை நிறுத்தச் சொன்னது இடுப்பு உறுப்புகளின் இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாகப் பொருத்தும் பெரிய வலைகளைத்தான். கசிவுக்கான நாடாவை அன்று. எனினும் நாடாவிலும் வலி, திசு அரிக்கப்பட்டு நாடா வெளித்தெரிதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவை சிலருக்கு நேர்வதால், 2018 முதல் இங்கிலாந்தில் அதன் பயன்பாடு கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. வயிற்றுச் சுவரிலிருந்து நோயாளியின் சொந்தத் திசுவையே எடுத்துத் தாங்கலாக வைக்கும் பழைய முறையும் உண்டு. இரண்டின் சாதக பாதகங்களையும் விளக்காமல் நாள் குறித்துக் கொடுக்கும் மருத்துவரிடம் அவசரப்பட்டுச் சம்மதம் தர வேண்டாம்.

கேள்வி: வயது 58. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டு வாசலில் நின்று சாவியைத் திருப்பும்போதே சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது. கழிவறைக்குள் நுழைவதற்குள் புடவை நனைந்துவிடுகிறது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலும் அப்படியே. இரவில் மூன்று நான்கு முறை எழுகிறேன். பேருந்துப் பயணம் என்றால் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கெகல் பயிற்சி போதுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்களுடையது முந்தைய வாசகிக்கு இருப்பது அன்று. அவருக்கு மூடியிருக்க வேண்டிய குழாய் திறந்துகொள்கிறது. உங்களுக்கோ நிரம்பும்வரை அமைதியாக விரிந்து கொடுக்க வேண்டிய சிறுநீர்ப்பைத் தசை, நேரம் வருமுன்பே தானாகச் சுருங்குகிறது. பெரியவர்களுடைய சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். 150, 200 மில்லி சேரும்போது முதல் உணர்வு தோன்றும். மூளை அதைத் தள்ளிவைக்கும். அந்தத் தள்ளிவைப்பு உங்களுக்குத் தளர்ந்திருக்கிறது. சாவி, குழாய்ச் சத்தம், குளிர்ந்த தரை எல்லாம் தூண்டுகோல்களாகிவிட்டன. பயிற்சி உங்களுக்கும் உதவும். இறுக்கிப் பிடித்தால் அவசர உணர்வு சற்றே அடங்கும் என்பதால் அது பயனுள்ளதுதான். ஆனால் தனியாக அது போதாது.

சிகிச்சையைத் தொடங்குமுன் இரண்டைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்ற சாதாரணப் பரிசோதனை ஒன்று. மற்றொன்று சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கு மீறியிருந்தால் சிறுநீரின் அளவே கூடும். கட்டுக்குள் இருந்தாலும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதன் மூலம் வேலை செய்பவை. ஆகவே அடிக்கடி சிறுநீர் போவதை அவை கூட்டக்கூடும். உங்கள் தொல்லை எந்த மாதத்தில் மிகுந்தது, மாத்திரை எந்த மாதத்தில் மாறியது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மாத்திரைகள் என்பதால் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தண்ணீரை நிறுத்துவது நீங்கள் உங்களுக்கே செய்துகொள்ளும் தீங்கு. அடர்ந்த சிறுநீர் பையின் உட்சுவரை எரிச்சலூட்டி அவசரத்தை அதிகமாக்குகிறது. மலச்சிக்கலையும் தொற்றையும் வரவழைக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவாவது தேவை. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. குறைக்க வேண்டியது காப்பியையும் தேநீரையும்தான். நெடுந்தூரப் பேருந்துகளில் கழிவறை இல்லாததும், நிறுத்துமிடங்களில் இருப்பவை பயன்படுத்தத் தகுந்தவையாக இல்லாததும் நம் பெண்களின் சிறுநீர்ப்பைக்கு இழைக்கப்படும் அநீதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தாகத்தால் ஈடுகட்ட முடியாது.

அடுத்தது, மூன்று நாள் குறிப்பேடு. எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போனீர்கள், எப்போது கசிந்தது என்று எழுதுங்கள்; அளவு குறித்த ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். இந்த ஒரு தாள் பல பரிசோதனைகளைவிட எனக்கு அதிகம் சொல்லும். அதில் நீங்கள் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறீர்கள் என்று தெரிந்தால், முதல் வாரம் கடிகாரத்தைப் பார்த்து அதே ஒரு மணிக்கு ஒருமுறை போங்கள். இடையில் அவசரம் தோன்றினால் ஓடாதீர்கள். ஓட்டம்தான் கசிவை வரவழைக்கிறது. நின்ற இடத்திலேயே அல்லது உட்கார்ந்து, இடுப்புத் தளத் தசையைச் சில தடவை வேகமாக இறுக்கி, மனத்தை வேறொன்றில் செலுத்தி, அந்த அலை தணிந்த பிறகு நடந்து செல்லுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கூட்டி, மூன்று மணி நேரத்தை எட்டுவதே இலக்கு. குறைந்தது ஆறு வாரம் பிடிக்கும்.

இதனாலும் அடங்காவிட்டால் மாத்திரைகள் உண்டு. சாலிஃபெனாசின், டால்ட்டரோடின், ஆக்சிபியூட்டினின் போன்றவை பையின் தசையைத் தளர்த்துபவை. வாய் வறட்சி, மலச்சிக்கல், மங்கலான பார்வை ஆகியவை இவற்றின் பக்க விளைவுகள். மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்வதால் அந்தத் தொல்லைகள் குறைவு. ஆனால் ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால் அதைக் கண்காணிக்க வேண்டும். எதுவானாலும் நான்கு வாரமாவது சாப்பிட்டுப் பார்த்துத்தான் பலனை மதிப்பிட வேண்டும். மாதவிடாய் நின்ற பின் பிறப்புறுப்புப் பகுதி உலர்ந்து எரிச்சலும் இருந்தால், அங்கே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு அவசரத்தைக் குறைக்க உதவும். மாத்திரைக்கும் கட்டுப்படாதவர்களுக்குச் சிறுநீர்ப்பைச் சுவரில் பொட்டாக்ஸ் ஊசி போடலாம். பலன் மாதக்கணக்கில்தான் நீடிக்கும், பின்னர் மீண்டும் போட வேண்டும். சிலருக்குச் சிறுநீர் தானாக வெளியேறாமல் சிறிது காலம் குழாய் செலுத்தி எடுக்க நேரிடும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. பகலெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போய்க்கொண்டே இருக்கிறது. இரவில் படுக்கை நனைகிறது. போகும்போது தாரை மெல்லியதாக, முக்கி முக்கித்தான் போகிறார். மருந்துக் கடையில் 'அடிக்கடி போவதைக் குறைக்கும் மாத்திரை' வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளாக அடிவயிறு உப்பியதுபோல் இருக்கிறது. மாத்திரையைத் தொடரலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அந்த மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, இதைப் படித்தவுடன் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு இருப்பது அடக்க முடியாத கோளாறு அன்று, வெளியேற்ற முடியாத கோளாறு. பெரும்பாலும் பெருத்த புராஸ்டேட் சுரப்பி வழியை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். பை காலியாகாமலேயே இருப்பதால், நிரம்பிய தொட்டியின் விளிம்பில் வழிவதுபோல மிஞ்சியது மட்டும் சொட்டுகிறது. பையின் தசையைத் தளர்த்தும் மாத்திரையை இந்த நிலையில் கொடுத்தால், மிச்சமிருந்த கொஞ்ச வலுவும் போய் முழுவதுமாக அடைத்துக்கொள்ளும். சளிக்கு நாமே வாங்கிச் சாப்பிடும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரைகளும் இதே தீங்கைச் செய்யக்கூடும்.

மருத்துவமனையில் முதலில் ஸ்கேன் செய்து, சிறுநீர் கழித்த பிறகும் பையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இயல்பாக 50 மில்லிக்குள் இருக்க வேண்டியது, உங்கள் அப்பாவைப் போன்றவர்களிடம் பல நூறு மில்லி இருக்கும். அப்படியானால் குழாய் செருகி வடியவிட்டு, ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துச் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டுள்ளனவா என்று அறிய வேண்டும். நாள்பட்ட அடைப்பு வலியே இல்லாமல் சிறுநீரகங்களைக் கெடுத்துவிடும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். பின்னர் புராஸ்டேட்டுக்கு மாத்திரையா, உள்நோக்கிக் கருவி (எண்டோஸ்கோப்) வழியே அறுவையா என்பதை முடிவு செய்யலாம். நீண்ட கால நீரிழிவால் பையின் நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கும் அடைப்பே இல்லாமல் இதே நிலை வரும். ஆகவே சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: கர்ப்பப்பை அகற்றும் அறுவை செய்து பத்து நாள் ஆகிறது. இரவும் பகலும் இடைவிடாமல் பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர்போல் வடிகிறது. போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். (பெயர், ஊர் இல்லை)

பதில்: காத்திருக்க வேண்டாம். அறுவை செய்த மருத்துவரையே உடனே பாருங்கள். சிறுநீர்ப்பைக்கோ, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்க்கோ பிறப்புறுப்புடன் புதிய திறப்பு ஏற்பட்டிருக்கலாம். பைக்குள் நீலச் சாயம் செலுத்தியும் ஸ்கேன் மூலமும் இதைக் கண்டறிவார்கள். சிறிய திறப்பு சில வாரம் குழாய் வைத்தால் தானே மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. மற்றவற்றை அறுவை செய்து மூடிவிடலாம். பயிற்சியோ மாத்திரையோ இதற்கு உதவாது.

கேள்வி: புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை அகற்றி மூன்று மாதம் ஆகிறது. எழுந்து நின்றாலே கசிகிறது. இனி வாழ்நாள் முழுவதும் இப்படித்தானா? (வாசகர், 66, சென்னை)

பதில்: மூன்று மாதத்தில் அந்த முடிவுக்கு வர வேண்டியதில்லை. சுரப்பியை எடுக்கும்போது அதை ஒட்டியுள்ள மூடுதசை பாதிக்கப்படுவதால் வரும் கசிவு இது. ஓராண்டு வரை படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்ன பயிற்சி ஆண்களுக்கும் உரியதே. நாற்காலியிலிருந்து எழுமுன் இறுக்கிப் பிடித்துவிட்டு எழுந்து பழகுங்கள். ஓராண்டுக்குப் பிறகும் நாளுக்குப் பல பேடு மாற்றும் அளவுக்குக் கசிந்தால், குழாயைச் சுற்றிப் பொருத்தும் செயற்கை மூடுதசை உண்டு. விதைப்பையில் வைக்கப்படும் சிறு விசையை அழுத்தினால் திறந்து, சிறிது நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். பலன் நன்று, விலைதான் மிக அதிகம்.

கேள்வி: என் மாமியாருக்கு 81 வயது, மூட்டுவலி, மறதியும் தொடங்கியிருக்கிறது. உணர்வு வந்தாலும் கழிவறைக்குப் போவதற்குள் நனைத்துவிடுகிறார். நாள் முழுவதும் டயப்பர் போட்டுவிடுகிறோம். தொடையிடுக்கு புண்ணாகிவிட்டது. மாத்திரை ஏதாவது உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: அத்தை நனைப்பதற்குப் பெருங்காரணம் அவருடைய சிறுநீர்ப்பையைவிட முழங்கால்களும், கட்டிலிலிருந்து கழிவறை வரையுள்ள தூரமும்தான். கட்டிலுக்கு அருகிலேயே கம்மோடு நாற்காலி போடுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். நாடா கட்டிய பாவாடைக்குப் பதில் எளிதில் தூக்கிக்கொள்ளும் நைட்டி நல்லது. அவர் கேட்கும்வரை காத்திராமல் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே அழைத்துப் போங்கள். மறதி உள்ளவர்களிடம் "போக வேண்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்பார்கள், "வாங்க, போயிட்டு வந்திடலாம்" என்பதே பலிக்கும். மாத்திரையை நான் தயக்கத்துடன்தான் பார்க்கிறேன். முன்பு சொன்ன தசை தளர்த்தும் மாத்திரைகள், குறிப்பாக ஆக்சிபியூட்டினின், முதியவர்களின் மறதியையும் குழப்பத்தையும் கூட்டக்கூடியவை.

கால் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்த பிறகு ரத்தத்தில் கலந்து சிறுநீராக வெளியேறுவதால்தான் பல முதியவர்கள் இரவில் அதிகம் நனைக்கிறார்கள். பிற்பகலில் சற்று நேரம் காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை எந்த நேரத்தில் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். டயப்பரை இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, நனைந்தவுடன் மாற்றி, தோலை மிதமாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்பு பூசுங்கள். புண் சிவந்து சுற்றிலும் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கும். அதற்கு வேறு களிம்பு தேவை. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் முழங்காலுக்கு அது உதவும்.

கேள்வி: இதற்கு எந்த மருத்துவரைப் பார்ப்பது? யூரோடைனமிக் பரிசோதனை கட்டாயமா? (வாசகி, சேலம்)

பதில்: பெண்கள் மகளிர் மருத்துவரையோ சிறுநீரியல் மருத்துவரையோ பார்க்கலாம், ஆண்கள் சிறுநீரியல் மருத்துவரை. சிறுநீரக நோய்களைப் பார்க்கும் சிறுநீரகவியல் மருத்துவர் (நெஃப்ராலஜிஸ்ட்) வேறு துறை. அங்கே போய் வரிசையில் நின்று திரும்பி வருபவர்கள் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, கழித்த பின் தங்கும் அளவைக் காட்டும் ஸ்கேன் ஆகியவை தொடக்கத்தில் போதும். பைக்குள் மெல்லிய குழாய் வைத்து அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. இரு வகைக் கசிவும் கலந்திருந்து எது முதன்மையானது என்று புரியாதபோதும், முந்தைய அறுவை பலனளிக்காதபோதும், நரம்புக் கோளாறு இருக்கும்போதும் அது அவசியமாகிறது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் கசிவைத் தனியாக வைத்துவிட்டு அதை முதலில் ஆராய வேண்டும். திடீரென்று கசிவு தொடங்கி, கூடவே கால் வலுவிழந்தோ, உட்காரும் பகுதி மரத்தோ போனால் அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவதன் அறிகுறி. அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மற்றவர்கள் மூன்று நாள் குறிப்பேட்டையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.